பாலத்துக்கு முன்னால் அடுத்த கையெழுத்தைக் கேளுங்கள்

கேள்வியைச் சுருக்கமாக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஊருக்கும் பேருந்து நிற்கும் சாலைக்கும் நடுவே ஓடும் ஓடையின் மீது தரைப்பாலம் மட்டுமே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது மூழ்கிவிட்டால் பள்ளிப் பிள்ளைகளும் பிரசவத்துக்குச் செல்ல வேண்டிய பெண்களும் இக்கரையிலேயே நின்றுவிடுகிறார்கள். உயர்மட்டப் பாலம் கட்டித் தரும்படி சட்டமன்ற உறுப்பினரிடம் பலமுறை மனு கொடுத்தும் "பார்க்கலாம்" என்பதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. அவரைச் செயல்பட வைப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஊரக வளர்ச்சித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எம்.எல்.ஏ.விடம் கொடுக்கப்படும் மனு அதற்குப் பிறகு எந்தெந்த மேசைகளுக்குப் போகிறது, எங்கே தங்கிவிடுகிறது என்பதை மறுமுனையிலிருந்து பார்த்திருப்பதால், அந்தப் பக்கத்திலிருந்தே பதிலைத் தொடங்குகிறேன்.

உங்கள் மனுவுக்கு நேர்ந்திருப்பது அநேகமாக இதுதான். எம்.எல்.ஏ. அதை வாங்கி உதவியாளரிடம் தந்திருப்பார். உதவியாளர் "உரிய நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைக்கிறேன்" என்ற ஒரு வரிக் கடிதத்தை இணைத்து மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பியிருப்பார். ஆட்சியர் அலுவலகம் அதை வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அனுப்பியிருக்கும். சாலை ஒன்றியத்தைச் சேர்ந்ததில்லை என்றால் அவர் நெடுஞ்சாலைத் துறைக்கு எழுதியிருப்பார். ஒன்றியத்தைச் சேர்ந்ததே என்றால் "நிதி ஆதாரம் கிடைக்கப்பெற்றவுடன் பரிசீலிக்கப்படும்" என்று பதில் எழுதி மனுவை முடித்திருப்பார். இந்தச் சங்கிலியில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் பாலத்துக்கென்று ஒரு கோப்பு பிறக்கவே இல்லை. ஏனென்றால் மனுவில் "பாலம் வேண்டும்" என்று இருந்தது; யார், எந்தத் தாளில், எதை எழுத வேண்டும் என்பது இல்லை.

சட்டமன்ற உறுப்பினர் எந்தப் பொறியாளருக்கும் மேலதிகாரி அல்லர். பாலத்துக்கு ஒப்புதல் தரும் அதிகாரமும் அவருக்குக் கிடையாது. அவர் கையில் உள்ளவை பரிந்துரை, கடிதம், பேரவையில் எழுந்து பேசும் உரிமை, ஆட்சியருடன் நடக்கும் ஆய்வுக் கூட்டங்களில் ஓர் இருக்கை, பொறியாளர் எடுக்காமல் விட முடியாத ஒரு தொலைபேசி அழைப்பு ஆகியவையே. தொகுதி மேம்பாட்டு நிதி ஒன்று இருக்கிறதே என்பீர்கள். தமிழ்நாட்டில் அது ஆண்டுக்கு 3 கோடி ரூபாய்; அதிலும் ஒரு பகுதியை அரசு குறித்துத் தந்த பணிகளுக்கே செலவிட வேண்டும்; மீதியை எதிர்பார்த்துத் தொகுதி முழுவதும் காத்திருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினருக்கான நிதி 2011-12 முதல் ஆண்டுக்கு 5 கோடியாக இருந்தாலும், ஒரு மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கும் என்பதால் அதுவும் அதே கதைதான். ஓரளவு அகலமான ஓடைக்கு உயர்மட்டப் பாலம் என்றாலே செலவு கோடிகளில் போகும். அந்தத் தொகையைத் தொகுதி நிதியிலிருந்து கேட்கும்போது, "முடியாது" என்று முகத்துக்கு நேரே சொல்ல விரும்பாத ஒருவரிடமிருந்து "பார்க்கலாம்" என்பதைத் தவிர வேறு பதில் வராது. ஆகவே அவரால் இன்றைக்கே செய்ய முடிகிற, செய்தால் கோப்பு ஒரு படி நகர்கிற காரியம் எது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் கேட்பதே முறை.

அதற்கு முதலில் சாலை யாருடையது என்று தெரிய வேண்டும். ஊர்க்காரர்கள் பெரும்பாலும் இதில்தான் வழுக்குகிறார்கள். ஊராட்சிச் சாலை, ஊராட்சி ஒன்றியச் சாலை ஆகியவை ஊரக வளர்ச்சித் துறையின் பொறுப்பு. மாவட்ட இதர சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாநில நெடுஞ்சாலை ஆகியவை நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தவை. ஓடையோ பெரும்பாலும் நீர்வளத் துறைக்கு உரியது. சாலை எவருடையதாக இருந்தாலும் அந்தத் துறையின் தடையின்மைச் சான்று இல்லாமல் ஓடைக்குள் தூண் இறக்க முடியாது. அருகில் காப்புக்காடு இருந்தால் வனத்துறையும் சேர்ந்துகொள்ளும். இந்த வேறுபாடு வெறும் அலுவலக நுணுக்கம் அல்ல. தன் சாலைகளில் உள்ள தரைப்பாலங்களைப் படிப்படியாக உயர்மட்டப் பாலங்களாக மாற்றப்போவதாக நெடுஞ்சாலைத் துறை 2021இல் அறிவித்தது. உங்கள் சாலை அத்துறையினுடையது என்றால், "பாலம் கட்டுங்கள்" என்று புதிதாகக் கேட்க வேண்டியதில்லை. "நீங்களே அறிவித்த பட்டியலில் எங்கள் தரைப்பாலம் இருக்கிறதா, எந்த ஆண்டுக்கு வைத்திருக்கிறீர்கள்" என்று கேட்டால் போதும். ஒன்றியச் சாலை என்றால் அந்தப் பட்டியலில் உங்கள் ஓடைக்கு இடமே இருந்திருக்காது. அப்போது இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சாலையை மாவட்ட இதர சாலையாகத் தரம் உயர்த்தி நெடுஞ்சாலைத் துறைக்கு மாற்றச் சொல்லலாம். மற்றொன்று, ஊரக வளர்ச்சித் துறை வழியாகவே வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான நபார்டு வங்கியின் ஊரக உட்கட்டமைப்பு மேம்பாட்டு நிதியில் பாலத்துக்குக் கருத்துரு, அதாவது முன்மொழிவு, அனுப்பச் சொல்லலாம். 1995-96இல் தொடங்கப்பட்ட அந்த நிதியிலிருந்து மாநில அரசுகள் கடன் பெற்றுக் கட்டிய கிராமப் பாலங்கள் ஏராளம். எந்த வழி உகந்தது என்பதை ஒன்றியப் பொறியாளரிடம் நேரில் போய்க் கேட்டால், எழுத்தில் தராவிட்டாலும் வாய்மொழியாகச் சொல்லிவிடுவார். பொறியாளர்களில் பலருக்கு அந்தத் தரைப்பாலத்தின் மீது உங்களைவிட அதிகமான எரிச்சல் உண்டு, ஒவ்வொரு மழைக்கும் அதைச் செப்பனிடுகிறவர்கள் அவர்களே என்பதால்.

நேரில் தகவல் கிடைக்காதபோது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 உதவும். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய விண்ணப்பத்துக்கு முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். "ஏன் இதுவரை பாலம் கட்டவில்லை" என்று கேட்காதீர்கள். காரணம் கேட்கும் வினாவுக்கு அந்தச் சட்டத்தில் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. சாலையின் வகைப்பாட்டைக் காட்டும் பதிவேட்டின் நகல், அந்தத் தரைப்பாலம் குறித்து இதுவரை அனுப்பப்பட்ட கருத்துருக்களின் நகல், உத்தேச மதிப்பீடு ஏதேனும் தயாரிக்கப்பட்டிருந்தால் அதன் நகல், கடந்த ஐந்து ஆண்டுகளில் அதைச் செப்பனிட ஆன செலவு என ஆவணமாக உள்ளவற்றைக் கேளுங்கள். பல ஊர்களில் எதிர்பாராத ஒன்று வெளிவரும்: முன்பு எப்போதோ மதிப்பீடு தயாரித்து மேலே அனுப்பப்பட்டு, அது ஏதோ ஓர் அலுவலகத்தில் திருத்தத்துக்காகத் திருப்பப்பட்டு, அங்கேயே கிடந்திருக்கும். அப்படி ஒன்று கிடைத்துவிட்டால் உங்கள் கோரிக்கையின் தன்மையே மாறிவிடுகிறது. புதிய பாலம் கேட்கிற ஊர் என்ற நிலையிலிருந்து, நின்றுபோன கோப்பை நகர்த்தச் சொல்கிற ஊராகிவிடுகிறீர்கள். எம்.எல்.ஏ.வுக்கும் அது எளிது. கோப்பின் ந.க. எண்ணை, அதாவது அலுவலகம் அதற்குத் தந்த பதிவு எண்ணை, சொல்லித் தொலைபேசியில் கேட்டால் எதிர்முனையில் இருப்பவர் கோப்பை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

அடுத்து கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவற்றையும் சேர்த்துத் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. நவம்பர் 1 கூட்டம் வடகிழக்குப் பருவமழைக்கு நடுவில் வருவது உங்களுக்கு வாய்ப்பாக அமைந்த ஒன்று. தீர்மானம் பொத்தாம்பொதுவாக இருக்கக் கூடாது. இந்தச் சாலையில் இந்த ஓடையின் குறுக்கே உள்ள தரைப்பாலத்துக்குப் பதிலாக உயர்மட்டப் பாலம் அமைக்க மண் ஆய்வு செய்து உத்தேச மதிப்பீடு தயாரிக்குமாறு இன்ன அலுவலரை இச்சபை கேட்டுக்கொள்கிறது என்று இருக்க வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டதைப் பார்த்து, எண்ணோடு நகல் பெற்றுக்கொள்ளுங்கள். ஊராட்சித் தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் காலமானாலும் தீர்மானத்தின் மதிப்பு குறையாது. பள்ளி மேலாண்மைக் குழுவும் தனியே ஒரு தீர்மானம் போட்டு, மழை நாட்களில் எத்தனை பிள்ளைகள் வரவில்லை என்பதை வருகைப் பதிவேட்டிலிருந்து எடுத்துச் சேர்த்தால், அந்த ஒரு பக்கம் பத்து உருக்கமான மனுக்களுக்குச் சமம். தண்ணீர் ஏறிய நாட்களைத் தேதியோடு குறித்து, பாலத்தின் மேல் எத்தனை அடி ஓடியது என்று தெரியும்படி எடுத்த புகைப்படங்களையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் திரும்பிப்போன நாள் ஏதும் இருந்தால் அந்தத் தேதியும் வேண்டும். குடும்பத்தாரின் அனுமதி இல்லாமல் நோயாளியின் பெயரைச் சேர்க்காதீர்கள்.

இவ்வளவும் ஒரு மெல்லிய கோப்பாகச் சேர்ந்த பிறகே எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போக வேண்டும். யார் போவது என்பதில் ஊர் கவனமாக இருக்க வேண்டும். ஒரு கட்சியின் கிளைச் செயலாளர் முன்னால் நின்று அழைத்துப்போனால், அது அந்தக் கட்சியின் கோரிக்கையாகிவிடும். அடுத்த தேர்தலில் காற்று மாறினால் கோரிக்கையும் சேர்ந்து போய்விடும். ஊரும் காலனியும் தனித்தனியே மனுக் கொடுக்கிற பழக்கம் இன்னும் பல இடங்களில் இருப்பது நமக்குத் தெரியாததல்ல. ஒரே பாலத்துக்கு இரண்டு தரப்பு இரண்டு மனுக்களோடு வருவதைப் பார்க்கும் எந்த அரசியல்வாதியும், யாரைப் பகைத்துக்கொள்வது என்று யோசித்துக் காரியத்தைத் தள்ளிப்போடவே செய்வார். இரு பக்கத்தாரும், மகளிர் சுய உதவிக் குழுவினரும், ஓடைக்கு அக்கரையில் நிலம் வைத்திருக்கும் விவசாயிகளும் ஒரே தாளில் கையெழுத்திட்டு ஆறேழு பேராகச் சென்றால் போதும். அணுகுசாலைக்குச் சிறிது பட்டா நிலம் தேவைப்படும் என்று தெரிந்தால், அந்த நிலத்துக்காரரையும் அழைத்துச் செல்லுங்கள். பாலங்கள் நின்றுபோவதற்கு நிதியில்லாமை ஒரு காரணம் என்றால் நிலத் தகராறு இன்னொரு காரணம். அதை முன்கூட்டியே தீர்த்து வைத்திருக்கும் ஊரைப் பார்த்தால் பொறியாளரும் எம்.எல்.ஏ.வும் சேர்ந்தே நிமிர்ந்து உட்காருவார்கள். பொன்னாடைக்கு ஆகும் செலவில் கோப்பைக் கூடுதலாக நான்கு நகல் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் தனிப்பட்ட அபிப்பிராயம்.

சந்திப்பில் கேட்க வேண்டியவை இரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. முதலாவது இந்த மழைக்காலத்துக்குள் முடிகிற சிறிய காரியம்: தரைப்பாலத்தின் இருபுறமும் நீர்மட்டம் காட்டும் அளவுக்கம்பங்கள், தண்ணீர் ஏறும்போது வழியை மறிக்கத் தடுப்புகள், அந்த நாட்களில் பேருந்தை மாற்று வழியில் ஊருக்குள் விடுவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று. இதை ஓரிரு தொலைபேசி அழைப்புகளில் அவர் முடித்துவிட முடியும்; முடித்தால் ஊரில் அவர் பெயர் நிற்கும், உங்களுக்கும் அவருக்கும் இடையே ஒரு நம்பிக்கை உண்டாகும். இரண்டாவதுதான் உண்மையான கேள்வி: அந்தக் கோப்பின் அடுத்த கையெழுத்து. மதிப்பீடே இல்லை என்றால், மண் ஆய்வு செய்து மதிப்பீடு தயாரிக்கச் சொல்லிக் கோட்டப் பொறியாளருக்கு ஒரு கடிதம். மதிப்பீடு இருந்தால், அதை நடப்பு ஆண்டுக் கருத்துருக்களில் சேர்க்கச் சொல்லித் துறை அமைச்சருக்கு ஒரு கடிதம். கடிதத்தின் வரைவை நீங்களே எழுதி எடுத்துச் செல்லுங்கள். சாலையின் பெயர், தூரக்குறிப்பு, கோப்பு எண், தீர்மான எண் எல்லாம் அதில் இருக்கட்டும். உதவியாளர் அதைத் தட்டச்சு செய்து கையெழுத்துக்கு வைப்பது பத்து நிமிட வேலை. அதையே அவர் தானாக எழுத வேண்டும் என்றால், மறுபடியும் அந்த ஒரு வரிப் பரிந்துரைதான் வரும். உதவியாளரை மரியாதையாக நடத்துங்கள். உறுப்பினரின் நாட்குறிப்பும் கடிதக் கோப்பும் அவர் கையில்தான் இருக்கின்றன.

காலம் பார்த்துக் கேட்பதும் முக்கியம். நிதிநிலை அறிக்கை பிப்ரவரி, மார்ச் வாக்கில் வருகிறது. அதைத் தொடர்ந்து மானியக் கோரிக்கைகள், அதாவது ஒவ்வொரு துறையின் செலவுக்கும் பேரவையின் ஒப்புதல் கேட்கும் கோரிக்கைகள், மீதான விவாதத்தில் துறை அமைச்சர்கள் புதிய பணிகளை அறிவிக்கிறார்கள். அந்த அறிவிப்புகளுக்கான பட்டியல் பேரவை கூடும் நாளில் எழுதப்படுவதல்ல; துறைகள் முந்தைய ஆண்டின் இறுதி மாதங்களிலிருந்தே கருத்துருக்களைத் திரட்டத் தொடங்கிவிடும். மார்ச் மாதத்தில் போய்ப் பாலம் கேட்பவர் ஓராண்டைத் தவறவிட்டவர். உங்கள் தரைப்பாலம் மூழ்குகிற அதே மாதங்களில்தான் அடுத்த ஆண்டுப் பட்டியலும் உருவாகிறது என்பதால், ஈரம் காயும் முன்பே கோப்போடு போய்விடுவது நல்லது. இடையிடையே வேறு வாய்ப்புகளும் வரும். 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் 234 சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதி, தத்தம் தொகுதியில் நீண்ட நாட்களாக நிறைவேறாத முக்கியமான பத்துக் கோரிக்கைகளைப் பட்டியலிட்டு ஆட்சியரிடம் தரச் சொன்னார். எந்த ஆட்சியிலும் ஏதோ ஒரு பெயரில் இப்படிப் பட்டியல் கேட்பது உண்டு. குறுகிய அவகாசத்தில் பத்துப் பணிகளைத் தேட வேண்டிய எம்.எல்.ஏ., மதிப்பீடும் தீர்மானமும் ஏற்கெனவே மேசையில் இருக்கிற ஊரைத்தான் முதலில் எழுதுவார்.

பேரவைக்குள் அவர் செய்யக்கூடியதையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். "என் தொகுதியில் இன்ன இடத்தில் உயர்மட்டப் பாலம் அமைக்க அரசு ஆவன செய்யுமா" என்ற வினாவை அவர் கொடுத்தால், துறை அதற்குப் பதில் தயாரிக்க வேண்டும்; அதற்காகவே கீழ்நிலைப் பொறியாளரிடமிருந்து அறிக்கை கேட்கப்படும். பாலம் கிடைக்காவிட்டாலும் கோப்பு பிறந்துவிடும். அமைச்சர் அவையில் எழுந்து "செய்து தரப்படும்" என்று சொல்லிவிட்டால், அது பேரவையின் அரசு உறுதிமொழிக் குழு கண்காணிக்கக்கூடிய வாக்குறுதியாகிவிடுகிறது. "நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்ற பதிலுக்கு அந்த வலு கிடையாது. எனவே நல்ல உறுப்பினர்கள் அந்த இடத்தில் அமராமல் துணைக் கேள்வி கேட்டு, "இந்த ஆண்டா, அடுத்த ஆண்டா" என்று அமைச்சரை ஒரு பக்கம் சாய வைப்பார்கள். உங்கள் உறுப்பினர் எதிர்க்கட்சிக்காரர் என்றால் கடிதத்தைவிட வினாவும் மானியக் கோரிக்கை விவாதமுமே அவருக்குக் கூடுதலாகப் பயன்படும். எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. ஆனதால் ஒன்றும் ஆகாது என்று ஊர்களில் சொல்வது முழு உண்மை அல்ல. பேரவையின் மனுக்கள் குழு பொதுமக்களிடமிருந்தே நேரடியாக மனுக்களைப் பெறுகிறது. மாவட்டங்களுக்கு ஆய்வுக்கும் வருகிறது. மனு ஒரே துறையைச் சேர்ந்த ஒரே பொதுப் பிரச்சினை பற்றி இருக்க வேண்டும், நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளதாகவோ தனிநபர் குறையாகவோ இருக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. உங்கள் பாலம் அதற்கு அப்படியே பொருந்துகிறது.

வாக்குகளைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதில் முழுமையாகாது. 2021 தேர்தலின்போது தமிழ்நாட்டின் வாக்காளர் எண்ணிக்கை ஏறத்தாழ 6.28 கோடி, 234 தொகுதிகளுக்கு வகுத்தால் தொகுதிக்கு இரண்டரை இலட்சத்துக்கும் மேல். ஒரு சிற்றூரின் ஆயிரம் வாக்கு அதில் கடுகளவு என்று தோன்றலாம். ஆனால் அதே தேர்தலில் தியாகராய நகரில் வெற்றி வித்தியாசம் 137 வாக்குகள், மொடக்குறிச்சியில் 281. 2016இல் இராதாபுரத்தில் 49. வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை என்று காட்டும் படிவம் 20 வெளிப்படையான ஆவணம். எந்தக் கட்சி அலுவலகத்திலும் அதை வரிவரியாகப் படித்தவர்கள் இருப்பார்கள். ஆகையால் "அடுத்த முறை ஓட்டுப் போட மாட்டோம்" என்று நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டியதே இல்லை. சொன்னால் நீங்கள் எதிரணி என்று முடிவு கட்டிவிடுவார்கள்; சொல்லாமல் இரு பக்கத்தாரும் ஒன்றாக வந்து நின்றால், அவரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

தேர்தல் புறக்கணிப்புப் பதாகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாக்குப்பதிவுக்கு முன் வட்டாட்சியர் வந்து பேச்சுவார்த்தை நடத்துவார் என்பது உண்மை. ஆனால் அப்போது தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருப்பதால் புதிய பணி எதையும் யாரும் அறிவிக்க முடியாது, கிடைப்பது வாய்வார்த்தைதான். சாலை மறியலில் வழக்குப் பதிவாகிப் பிள்ளைகளின் வேலைக்குச் சிக்கல் வருவது தனிக் கவலை. பத்திரிகைச் செய்தி வேறு வகை. தண்ணீர் பாய்கிற நாளில் உள்ளூர் நிருபரை அழைத்துக் காட்டுவதில் தவறில்லை, ஆனால் எம்.எல்.ஏ.வைச் சந்தித்த பிறகு, அவர் கேட்டுக்கொண்ட அவகாசம் முடிந்த பிறகு அதைச் செய்யுங்கள். முதல் நாளே தன்னைக் குற்றவாளியாக்கிய ஊருக்கு ஒருவர் ஓடி ஓடி உழைப்பார் என்று எதிர்பார்ப்பது மனித இயல்புக்கு மாறானது.

கடிதம் போன பிறகுதான் வேலை கூடும். அதன் நகலை வாங்கிக்கொண்டு, மூன்று வாரம் கழித்து, அது சென்று சேர்ந்த அலுவலகத்தில் ந.க. எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணோடு திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் ஒரு மனு தரலாம். இப்போது அது வெறும் மனு அல்ல, நடப்பிலுள்ள கோப்பின் நினைவூட்டு. ஒவ்வொரு படியிலும், அதாவது மதிப்பீடு, நிர்வாக ஒப்புதலுக்கான அரசாணை, தொழில்நுட்ப ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை என்று போகும் வரிசையில், எது முடிந்தது எது நிற்கிறது என்பதை ஓர் ஒற்றைத் தாளில் எழுதி எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குக் கொடுத்துக்கொண்டிருங்கள். முடிந்த படிக்கு வெளிப்படையாக நன்றி சொல்லுங்கள். அடிக்கல்லில் அவர் பெயர் வருவதில் ஊருக்கு நட்டமில்லை. அரசாணை வருவதற்குள் அவர் பதவிக்காலம் முடிந்து வேறொருவர் வெற்றி பெற்றால், பதவியேற்ற முதல் மாதத்திலேயே அதே கோப்பின் நகலோடு அதே ஆறேழு பேர் புதியவரைச் சந்தியுங்கள். முந்தைய உறுப்பினர் என்ன செய்தார், செய்யவில்லை என்ற பேச்சை எடுக்காமல், எந்தக் கையெழுத்து பாக்கி இருக்கிறது என்பதை மட்டும் காட்டுங்கள்.